ஆஸ்பிரினும் மூச்சும்: ஆந்த்ஜெய் ஷ்செக்லிக்கின் ஆய்வுவழி

1. ஆய்வுப் பொருள்

முப்பது வயதை ஒட்டிய ஒருவருக்குச் சளி பிடிக்கிறது. ஒரு வாரத்தில் போக வேண்டிய சளி போவதில்லை. மாதக்கணக்கில் மூக்கு ஒழுகுகிறது, அடைக்கிறது. பிறகு மணமே தெரியாமல் போகிறது. இரண்டு ஆண்டுக்குள் இளைப்பும் வந்து சேர்கிறது. பின்னர் மருத்துவர் பார்த்துவிட்டு மூக்கினுள் சதை வளர்ந்திருக்கிறது என்கிறார். அறுத்து எடுத்தாலும் மறுபடி வளர்கிறது. பரம்பரையில் யாருக்கும் ஆஸ்துமா இல்லை, தூசி ஒவ்வாமையும் இல்லை. இப்படியிருக்கும் ஒரு நாளில் தலைவலிக்கு ஒரு மாத்திரை போடுகிறார். அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் முகம் சிவக்கிறது, கண்ணில் நீர் வழிகிறது, மூக்கு கொட்டுகிறது, நெஞ்சு இறுகுகிறது. சிலருக்கு அந்த இறுக்கம் செயற்கைச் சுவாசம் வரை கொண்டுபோய் விடுகிறது. அவர் போட்டுக்கொண்டது ஆஸ்பிரின்.

வயது வந்த ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு இந்தக் கோளாறு உண்டு. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 15 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. நோயாளியும் குடும்பத்தாரும் இதை ‘மாத்திரை அலர்ஜி’ என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது.

இது ஒவ்வாமை அல்ல, உடலின் வேதிப்பாதை ஒன்று தடம் மாறியதன் விளைவு என்பதைச் சோதித்துக் காட்டியவர் போலந்தின் கிராக்கோவ் நகர மருத்துவர் ஆந்த்ஜெய் ஷ்செக்லிக் (1938–2012). அவருடைய ஆய்வு நடந்த வழியை இக்கட்டுரை பின்தொடர்கிறது. ‘எந்த மாத்திரை?’ என்று தொடங்கிய கேள்வி அவர் கையில் ‘எந்த உடல்?’ என்ற கேள்வியாக மாறியது. அவருடைய பெரிய பங்களிப்பு அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

2. முன்னோடிகள்

ஆஸ்பிரின் 1897இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் தூய வடிவில் உருவாக்கப்பட்டு 1899இல் விற்பனைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1902இல், அதை உட்கொண்ட ஒருவருக்கு வீக்கமும் தடிப்பும் கண்டதை ஹிர்ஷ்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் பதிவுசெய்தார்.

ஆஸ்துமா, மூக்குச் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஏலாமை ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று முதலில் எழுதியவர் பாரிஸின் ஃபெர்னான் விடால். டைபாய்டு காய்ச்சலைக் கண்டறிய நம் ஊர் ஆய்வகங்களில் இன்றும் எடுக்கப்படும் விடால் சோதனைக்குப் பெயர் தந்தவரும் இவரே. 1922இல் அவரும் துணைவர்களும் வெளியிட்ட கட்டுரை மூன்று குறிகளையும் வரிசைப்படுத்தியதோடு நிற்கவில்லை. சிறிய அளவில் தொடங்கி ஆஸ்பிரினைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, அந்த நோயாளியின் உடலை அதற்குப் பழக்கியும் காட்டியது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் குறிப்பு யாராலும் கையாளப்படாமல் கிடந்தது.

அந்த மறதியின் விளைவாக இந்த மூன்று குறிகளும் இன்று வேறொருவர் பெயரால் வழங்குகின்றன. பெர்லினில் பிறந்து, நாஜி ஆட்சியில் வெளியேறி, சிகாகோவில் பேராசிரியராக இருந்த மாக்ஸ் சாம்டர், ரோலண்ட் பியர்ஸுடன் சேர்ந்து 1968இல் தம் நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். ‘சாம்டர் மும்மை’ என்ற பெயர் அதிலிருந்து நிலைத்தது. விடாலின் பெயர் பின்னுக்குப் போனது வருத்தத்துக்குரியதுதான். ஆனால் சாம்டர் வெறுமனே திரும்பச் சொன்னவர் அல்லர். ஆஸ்பிரினோடு வேதி அமைப்பில் எந்த உறவும் இல்லாத மருந்துகளும் இதே நோயாளிகளைத் தாக்குகின்றன என்பதை அவர் கவனித்தார். ஒவ்வாமையில் எதிர்ப்பொருள் ஒரு மூலக்கூற்றின் உருவத்தைப் பார்த்தே அடையாளம் காண்கிறது. உருவமே வேறான பொருள்கள் ஒரே விளைவைத் தருமானால் அங்கே எதிர்ப்பொருளுக்கு என்ன வேலை? சாம்டர் அந்த ஐயத்தை அழுத்தமாக முன்வைத்தார். அதைத் தீர்க்கும் கருவி அப்போது யாரிடமும் இல்லை.

கருவி 1971இல் வந்தது. லண்டனில் அரச அறுவை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஜான் வேன், ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களை ஆக்கும் நொதியை அது முடக்குகிறது. வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றும் தணிவது அதனால்தான். அந்த நொதியை இன்று சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாகக் காக்ஸ், என்கிறோம். 1982இல் வேனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

3. 1975: கிராக்கோவ் ஆய்வு

3.1 இருவர்

வேனோடு பணியாற்றிய அனுபவம் உடைய மருந்தியலாளர் ரிஷார்ட் கிரிக்லெவ்ஸ்கி கிராக்கோவ்காரர். ஷ்செக்லிக் அதே நகரின் மருத்துவக் கழகத்தில் உள்மருத்துவர். ஒருவரிடம் நொதியை அளக்கும் ஆய்வகம் இருந்தது. மற்றவரிடம் ஆஸ்பிரின் போட்டால் மூச்சு முட்டும் நோயாளிகள் இருந்தார்கள். இந்த இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்ததை நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது. சோதனைக்குழாயில் அந்த நொதியை முடக்கும் மருந்துகள் எவை, முடக்காதவை எவை என்று ஒரு பட்டியல். நோயாளியின் மூச்சுக்குழாயைச் சுருக்கும் மருந்துகள் எவை, சுருக்காதவை எவை என்று இன்னொரு பட்டியல். இரண்டும் ஒத்துவருமா?

3.2 விளைவு

ஒத்துவந்தன. 1975 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த அந்தக் கட்டுரை மூன்று பக்கம்தான். இண்டோமெதசின், மெஃபனமிக் அமிலம், ஃபுளூஃபனமிக் அமிலம், ஃபினைல்பியூட்டசோன் ஆகியவை நொதியையும் முடக்கின, மூச்சையும் இறுக்கின. சாலிசிலமைடு, பாரசிட்டமால், பென்சிடமின், குளோரோகுயின் ஆகியவை இரண்டையும் செய்யவில்லை.

இதன் கூர்மையை உணர சாலிசிலமைடையும் இண்டோமெதசினையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முன்னது ஆஸ்பிரினின் நெருங்கிய வேதி உறவு. பின்னது எந்த உறவும் இல்லாதது. ஒவ்வாமைக் கொள்கைப்படி உறவுதான் தாக்க வேண்டும். நடந்ததோ தலைகீழ். உறவு சும்மா இருந்துவிட்டது, அந்நியம் அடித்தது. மருந்தின் உருவத்தில் காரணம் இல்லை, அது செய்யும் வேலையில்தான் இருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. எனக்குத் தெரிந்த மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு சிக்கனமாக ஒரு பழைய நம்பிக்கையை முடித்துவைத்தவை குறைவு.

3.3 கொள்கை தந்த கணிப்புகள்

நல்ல கொள்கை பின்னால் வரப்போவதையும் சொல்ல வேண்டும். காக்ஸ் நொதியை முடக்கும் எந்தப் புது வலிநிவாரணி வந்தாலும் அது இவர்களுக்கு ஆபத்து என்று இந்தக் கொள்கை சொன்னது. இபுபுரூஃபன், நாப்ராக்சன், டைக்ளோஃபினாக் என ஒவ்வொன்றும் அப்படியே ஆயிற்று. நொதியை வலுவாக முடக்கும் மருந்து சிறிய அளவிலேயே தாக்கும், மெலிதாக முடக்குவது பெரிய அளவில்தான் தாக்கும் என்றது. பாரசிட்டமால் 500 மில்லிகிராமில் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை; 1000 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் சிலருக்கு லேசான இறுக்கம் வருகிறது.

மூன்றாவது கணிப்பு கால் நூற்றாண்டு காத்திருந்தது. காக்ஸ் நொதி ஒன்றல்ல, இரண்டு என்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. ஆஸ்துமா தூண்டப்படுவது முதலாவது முடங்குவதால்தான் என்றால், இரண்டாவதை மட்டும் முடக்கும் மருந்து தீங்கு செய்யக் கூடாது. செலகாக்சிப் மாத்திரையை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் மூச்சு இறுகவில்லை. ஸ்டாக்ஹோமின் பார்ப்ரோ டாலெனும் ஷ்செக்லிக்கும் மற்றவர்களும் 2001இல் அதை அறிவித்தார்கள். மூட்டுவலியோடு ஆஸ்துமாவும் இருந்த எத்தனையோ பேருக்கு அது ஒரு விடுதலை.

3.4 ஒரு விலக்கு

கொள்கைக்கு ஒத்துவராததை மறைக்காமல் எழுதுவது ஆய்வாளனின் முதல் கடமை. ஆஸ்பிரின் போட்டால் மூச்சு விடுபடும் ஆஸ்துமா நோயாளிகளும் அரிதாக இருக்கிறார்கள் என்று இதே கிராக்கோவ் குழு 1978இல் அறிவித்தது. அதே நொதி முடங்குகிறது, விளைவு நேரெதிர். அப்படியானால் மருந்து ஒரு சாவிதான். அது எந்தக் கதவைத் திறக்கும் என்பது உடலைப் பொறுத்தது. பின்னாளில் அவர் சென்ற திசைக்கு இந்தச் சிறு கட்டுரையே வழிகாட்டி என்று நான் படிக்கிறேன்.

4. உடலினுள் நடப்பது

செல்லின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் விடுபடுகிறது. அதற்கு முன் இரண்டு வழிகள். காக்ஸ் வழி சென்றால் புரோஸ்டாகிளாண்டின்கள் ஆகும். லிப்பாக்சிஜனேஸ் வழி சென்றால் லூக்கோட்ரையீன்கள் ஆகும்.

இரண்டாவது வழியின் கதை பழையது. 1938இல் ஆஸ்திரேலியாவில் ஃபெல்ட்பெர்க், கெல்லவே இருவரும் நல்லபாம்பு நஞ்சைக் கினிப்பன்றியின் நுரையீரலில் செலுத்தியபோது, தசையை மெல்ல மெல்ல இறுக்கி நெடுநேரம் விடாத ஒரு பொருள் வெளிப்பட்டதைக் கண்டார்கள். அது என்னவென்று தெரியாமலே நாற்பது ஆண்டுகள் கடந்தன. 1979இல் ஸ்டாக்ஹோமில் பெங்க்ட் சாமுவெல்சன் குழு அதன் அமைப்பை வெளிப்படுத்தியது. அந்தப் பொருளே லூக்கோட்ரையீன். மூச்சுக்குழாயை இறுக்குவதில் ஹிஸ்டமினைவிடப் பல நூறு மடங்கு வல்லது, சளியைச் சுரக்கவைக்கும், இயோசினோபில் என்னும் வெள்ளையணுக்களைத் திரட்டும்.

ஒரு வழியை ஆஸ்பிரின் அடைத்தால் வெள்ளம் மறு வழியில் பாய்கிறது என்று முதலில் விளக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் போதாது. ஆஸ்பிரின் எல்லோருக்கும் அந்த வழியை அடைக்கிறது. எல்லோருக்கும் மூச்சு முட்டுவதில்லையே. விடையின் ஒரு பகுதி புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருளில் கிடைத்தது. லூக்கோட்ரையீன் ஆக்கத்தையும் மாஸ்ட் செல்களின் கொதிப்பையும் பிடித்துவைக்கும் கடிவாளம் அது. இந்த நோயாளிகளின் மூச்சுக்குழாய் எப்போதும் அழற்சியிலேயே இருப்பதால் கடிவாளத்தை நம்பித்தான் நிற்கிறது. ஆஸ்பிரின் அதை அறுத்துவிடுகிறது. இந்தப் பொருளை முன்கூட்டியே மூச்சில் உள்ளிழுக்கக் கொடுத்துவிட்டால் ஆஸ்பிரின் தாக்குவதில்லை என்று 1996இல் சோதனைகள் காட்டின. கிராக்கோவ் குழுவும் அவற்றில் ஒன்றைச் செய்தது.

மீதி விடை திசுவில் இருந்தது. கிராக்கோவ் நோயாளிகளின் மூச்சுக்குழாயிலிருந்து கிள்ளி எடுத்த சிறு துணுக்குகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஆராய்ந்தார்கள். லூக்கோட்ரையீன் சி4 ஆக்கும் நொதியைத் தாங்கிய செல்கள், ஆஸ்பிரின் ஏற்கும் ஆஸ்துமாக்காரர்களைவிட இவர்களிடம் 5 மடங்கும், நலமாக இருப்பவர்களைவிட 18 மடங்கும் இருந்தன. 1998இல் இது வெளிவந்தது. சிறுநீரில் லூக்கோட்ரையீன் ஈ4 அளவு இவர்களுக்கு ஆஸ்பிரின் தொடாத நாளிலும் கூடுதலாகவே இருக்கிறது. தொட்டதும் பல மடங்கு ஏறுகிறது.

ஆக, மாத்திரை நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளே எரிந்துகொண்டிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

5. நோயின் இயல்பு வரலாறு

மாத்திரை இல்லாமலே நோய் தன் வழியில் நடக்கிறது என்பதை நிறுவ ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் போதாது. 10 ஐரோப்பிய நாடுகளின் 16 மையங்களை இணைத்து ஒரு வலையமைப்பு உருவாயிற்று. ஷ்செக்லிக், எவா நிஷான்கோவ்ஸ்கா, மாரியூஷ் டுப்லாகா மூவரும் 500 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து 2000இல் வெளியிட்டார்கள்.

அந்தத் தொகுப்பைப் படிக்கும்போது வியப்பது ஒழுங்கைக் கண்டுதான். எந்த நாடானாலும் நோய் ஒரே படிவரிசையில் வருகிறது. சராசரி 30 வயதில் மூக்கடைப்பு. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆஸ்துமா. இன்னும் இரண்டு ஆண்டுகள் அளவில் ஆஸ்பிரின் ஏலாமையும் மூக்குச் சதையும். ஓர் ஆணுக்கு 2.3 பெண்கள் என்ற விகிதம். பெண்களுக்கு முன்னதாகவே தொடங்குகிறது, கடுமையாகவும் நடக்கிறது. ஆஸ்பிரினை அறவே தவிர்த்தாலும் ஆஸ்துமா தன் போக்கில் தொடர்கிறது. பாதிப் பேர் ஸ்டீராய்டு மாத்திரையை அன்றாடம் விழுங்கும் நிலையில் இருந்தார்கள்.

இன்னோர் எண் என்னை அதிகம் உறுத்தியது. 15 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு இந்த ஏலாமை இருப்பதே தெரியாது; மருத்துவமனையில் சோதித்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் தற்செயலாக ஒரு வலி மாத்திரை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

6. வைரஸ் கருதுகோள்

நோய் ஏன் முப்பதை ஒட்டிய வயதில், ஒரு சளிக்குப் பிறகு தொடங்குகிறது? 1988இல் ஷ்செக்லிக் துணிந்து ஒரு கருத்தை எழுதினார். மூச்சுப்பாதையில் நுழைந்த ஒரு வைரஸ் போகாமல் தங்கிவிடுகிறது. அதை எதிர்க்கும் கொல்லி வெள்ளையணுக்களைப் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 அடக்கிவைக்கிறது. ஆஸ்பிரின் அந்த அடக்கத்தை நீக்கியதும் அவை தொற்றிய செல்களைத் தாக்குகின்றன, மூச்சு இறுகுகிறது.

அந்த வைரஸ் எதுவென்று இன்றுவரை யாரும் காட்டவில்லை. நிறுவப்படாத கருத்து என்றே இதை எழுத வேண்டும். ஆயினும் ஒதுக்கிவிட மனம் வரவில்லை. நோயாளி வந்து ‘அந்தச் சளிதாங்க டாக்டர், அதுல இருந்துதான் எல்லாம்’ என்று சொல்வதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஷ்செக்லிக் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டு கொள்கை கட்டினார். மருத்துவத்தையும் கலையையும் பற்றி அவர் எழுதிய ‘கதார்சிஸ்’ என்ற நூலுக்குக் கவிஞர் செஸ்வாவ் மிவோஷ் முன்னுரை எழுதியிருக்கிறார். மருத்துவம் நோயாளியும் மருத்துவரும் பேசிக்கொள்வதில் தொடங்குகிறது என்ற நம்பிக்கை ஷ்செக்லிக்கிடம் உறுதியாக இருந்தது. இந்தக் கருதுகோளிலும் அது தெரிகிறது.

தம் உடலையும் அவர் ஆய்வுக்கு வெளியே நிறுத்தவில்லை. 1976இல் புரோஸ்டாகிளாண்டின்களுக்கு உறவான புரோஸ்டாசைக்ளின் என்னும் பொருள் கண்டறியப்பட்டது; கண்டறிந்தவர்களில் கிரிக்லெவ்ஸ்கியும் ஒருவர். அடுத்து அதை மனிதருக்குச் செலுத்திப் பார்க்க வேண்டியிருந்தபோது இருவரும் தங்கள் நரம்பிலேயே முதலில் ஏற்றிக்கொண்டார்கள்.

7. கண்டறிதலும் எச்சரிக்கையும்

ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்பிரினைக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி; அதுவும் உயிர்காக்கும் வசதி உள்ள மருத்துவமனையில், பயிற்சி பெற்றவர் கண்ணெதிரில். கிராக்கோவின் நிஷான்கோவ்ஸ்கா முன்னின்று வகுத்த ஐரோப்பிய நெறிமுறை 2007இல் வந்தது. முதல் நாள் மருந்தில்லாத வெறும் மாத்திரை. மறுநாள் ஒன்றரை இரண்டு மணி நேர இடைவெளியில் 27, 44, 117, 312 மில்லிகிராம், கூட்டினால் 500. ஒரு நொடியில் ஊதித்தள்ளும் காற்றின் அளவு 20 விழுக்காடு குறைந்தால் ஏலாமை உறுதி, சோதனை நிறுத்தப்படும். இத்தாலியின் பியாங்கோ 1977இல் கொண்டுவந்த முறையில் லைசின் ஆஸ்பிரினை உள்ளிழுக்கச் செய்கிறார்கள். அது விரைவானது, பாதுகாப்பும் கூடுதல்.

அவசரப் பிரிவில் பணியாற்றுவோர் அறிய வேண்டிய ஒன்றை ஷ்செக்லிக் 1985இல் எழுதினார். மூச்சிறுக்கத்துக்கு நரம்பில் போடும் ஹைட்ரோகார்ட்டிசோன் சக்சினேட் ஊசியே இந்த நோயாளிகளில் சிலருக்கு மூச்சை மேலும் இறுக்கிவிடுகிறது.

நம் ஊர் மருந்துக்கடையை எண்ணும்போது எனக்குக் கவலை வருகிறது. இங்கே, காக்ஸை முடக்கும் அசிக்லோஃபினாக்கும் பாரசிட்டமாலும் ஒரே மாத்திரையில் கலந்து பல பெயர்களில் கிடைக்கின்றன. ‘பாரசிட்டமால்தானே’ என்று வாங்குகிறவருக்கு உள்ளே இருக்கும் மற்றொன்று தெரிவதில்லை. ஆஸ்துமாவும் மூக்குச் சதையும் உள்ளவர், தமக்கு எந்த வலி மாத்திரை ஆகும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கடையில் பட்டையின் பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படிக்க வேண்டும். வலிக்குத் தடவும் களிம்பிலும் டைக்ளோஃபினாக் இருக்கலாம் என்பதையும் அவர் நினைவில் வைப்பது நல்லது.

8. பழக்குதல்

தாக்கும் மருந்தே மருந்தாவதுதான் இந்த நோயின் விந்தை. ஒருமுறை ஆஸ்பிரினால் மூச்சு இறுகி மீண்டவர் அடுத்த இரண்டிலிருந்து ஐந்து நாள் வரை ஆஸ்பிரினைத் தொல்லையின்றி ஏற்கிறார். அந்த இடைவெளி மூடுமுன் நாள்தோறும் கொடுத்துக்கொண்டே போனால் ஏற்பு நிலைக்கிறது. விடால் 1922இல் கண்ட இதை, கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் மருத்துவமனையில் டொனால்ட் ஸ்டீவென்சனும் உடன்பணியாற்றியோரும் 1980 முதல் முறைப்படுத்தி வளர்த்தார்கள். மூக்குச் சதை மெல்ல வளர்கிறது, மறு அறுவை தள்ளிப்போகிறது, சிலருக்கு இழந்த மணம் திரும்புகிறது. மாத்திரையைச் சில நாள் விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும் உண்டானால் நிறுத்தியே ஆக வேண்டும். இப்போது டுபிலுமாப் போன்ற உயிரிமருந்து ஊசிகளும் வந்திருப்பதால், பழக்குதலை ஏற்க முடியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. விலைதான் தடை.

பழக்குதல் எல்லா ஆஸ்துமாக்காரருக்கும் பயன்படுமா, இந்த நோய்க்கு மட்டும்தானா? ஷ்செக்லிக் வளர்த்த கிராக்கோவ் குழு இதைச் சோதித்தது. ஆஸ்பிரின் ஏலாதவர்களையும் ஏற்பவர்களையும் தனித்தனியாக வைத்து, நாளொன்றுக்கு 624 மில்லிகிராம் ஆஸ்பிரினோ வெறும் மாத்திரையோ ஆறு மாதம் கொடுத்தார்கள். எது யாருக்கு என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஏலாதவர்களின் மூக்கும் மூச்சும் தேறின, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் தேவை குறைந்தது. ஏற்பவர்களிடம் ஆஸ்பிரின் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. அந்த முடிவு 2014இல் வெளிவந்தபோது ஷ்செக்லிக் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.